சாப்பாட்டுக் காசு வேறு, கைச்செலவுக் காசு வேறு: தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பணத்தைக் கையாளக் கற்றுக்கொடுப்பது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியிருக்கும் தாமான் என்னும் குடியிருப்புப் பகுதிகளிலும், காலையில் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் கையில் பெற்றோர் வைத்து அனுப்பும் 2 வெள்ளியையும் (ரிங்கிட்) 3 வெள்ளியையும் எல்லோரும் கைச்செலவுக் காசு என்றே சொல்கிறோம். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலைக்குப் போய் நாசி லெமாக்கோ மீகூனோ வாங்கிப் பசியாறுவதற்காகக் கொடுக்கப்படும் அந்தக் காசைச் சாப்பாட்டுக் காசு என்றுதான் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் பணத்தைக் கையாளக் கற்றுக்கொடுக்க நினைக்கும் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, இந்த இரண்டையும் பிரித்து வைப்பதே. இதைச் செய்யாமல் உண்டியல் வாங்கிக் கொடுப்பதும் சிக்கனத்தைப் பற்றி அறிவுரை சொல்வதும் பயன் தராது.

காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். "என் மகள் கொடுத்த காசைத் தொடவே மாட்டாள், அப்படியே திருப்பிக் கொண்டு வந்துவிடுவாள்" என்று பெருமையாகச் சொல்லும் தாய்மார்கள் நம்மிடையே நிறைய உண்டு. அந்தப் பிள்ளை காலை ஏழு மணிக்கு ஒரு கோப்பை மைலோ குடித்துவிட்டுப் போய், பகல் ஒரு மணிக்கு வீடு திரும்பும் வரை ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அந்தப் பெருமைக்குள் மறைந்து போகிறது. ஏழு வயதில் பட்டினி கிடந்து சேர்த்த காசைப் பாராட்டினால், சேமிப்பு என்றால் தன்னை வருத்திக்கொள்வது என்றுதான் பிள்ளை புரிந்துகொள்ளும். சில பிள்ளைகள் அதே பழக்கத்தோடு வளர்கிறார்கள். வேறு சிலரோ கையில் காசு புரளத் தொடங்கியதும் இழந்ததையெல்லாம் ஒரே நாளில் ஈடுகட்டப் பார்க்கிறார்கள்.

ஆகவே சாப்பாட்டை முதலில் தீர்த்துவிடுங்கள். வீட்டிலிருந்தே உணவு கட்டிக் கொடுக்கலாம். பள்ளியில் அரசாங்கத்தின் இலவசக் கூடுதல் உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளையாக இருந்தால் அந்தக் கவலையே இல்லை. இரண்டும் இல்லையென்றால் அன்றைய சாப்பாட்டுக்குத் தேவையான காசை அன்றன்று காலையில் கொடுங்கள். மாலையில் "எவ்வளவு மிச்சம்?" என்று கேட்பதை விட்டு "என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். மிச்சம் வந்தால் அது வீட்டுக் காசு, திரும்பி வர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. அப்போதுதான் சாப்பாட்டைக் குறைத்துக் காசு சேர்க்கும் ஆசை எழாது.

எவ்வளவு, எந்த நாளில்?

கைச்செலவுக் காசு என்பது, எதற்குச் செலவழிப்பது என்று பிள்ளையே முடிவு செய்யும் காசு. தொகை சிறியதாக இருக்கலாம், ஆனால் உரிமை முழுமையாக இருக்க வேண்டும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு வாரத்துக்கு 2 வெள்ளி போதும் என்பது என் கருத்து. குடும்பத்தின் நிலை இடங்கொடாவிட்டால் 50 சென்னில் தொடங்கினாலும் குறையில்லை. அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. அந்த வாரக் காசில் ஒரு சிறிய பொருளை உடனே வாங்க முடிய வேண்டும்; ஆனால் பிள்ளை மிகவும் ஆசைப்படும் பொருளை அந்த ஒரு வாரக் காசில் வாங்க முடியக் கூடாது. இந்த இடைவெளி இருந்தால்தான் பிள்ளைக்கு யோசிக்க வேண்டிய தேவை வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு 5 வெள்ளி கிடைக்கிறது என்று பிள்ளை சொன்னால், "அது அவர்கள் வீட்டுக் கணக்கு, இது நம் வீட்டுக் கணக்கு" என்று அமைதியாகச் சொன்னால் போதும்.

தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. பிள்ளைக்கும் சம்பள நாளன்றே மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆறு ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒரு மாதம் என்பது எட்டாத தூரம். முதல் இரண்டு நாளில் காசு தீர்ந்துவிட்டால் மீதி நாட்களில் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது. வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமையில், கேட்காமலே கொடுங்கள். நம் ஊர்களில் பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை கூடும் நாள் குறிப்பிட்ட ஒரு கிழமையாக இருக்கிறது. அந்த நாளன்று மாலையில் கொடுப்பதைவிட, இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே கொடுத்துவிடுவது சிறந்தது. காசைக் கையில் வைத்துக்கொண்டே சந்தை நாள் வரை காத்திருப்பது, செலவழிப்பதைவிடக் கடினமான பயிற்சி. அந்த நாட்களில் ரொட்டிக்காரர் மோட்டாரில் ஒலியெழுப்பிக்கொண்டு வருவார். வண்டியில் தொங்கும் மிட்டாய்ப் பொட்டலங்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஓடுவார்கள். நம் பிள்ளையும் ஓடட்டும். ஆனால் காசு அவள் கையிலிருந்தே போக வேண்டும், உங்கள் கையிலிருந்து அன்று.

2 வெள்ளியைத் தாளாகக் கொடுக்காமல் நாணயங்களாக மாற்றிக் கொடுங்கள். தாளைப் பிள்ளையால் பிரிக்க முடியாது. நாணயங்களைப் பிரித்து அடுக்கலாம், எண்ணலாம், ஒரு பகுதியை எடுத்து வைக்கலாம். 2012-இல் வெளிவந்த வரிசையில் 20 சென்னும் 50 சென்னும் மஞ்சள் நிறத்திலும், 5 சென்னும் 10 சென்னும் வெள்ளை நிறத்திலும் இருக்கின்றன. அதற்கு முந்தைய வெள்ளை நிற 20, 50 சென்களும் இன்னும் கைக்கு வருவதால் சின்னப் பிள்ளைகள் குழம்பிப் போவதுண்டு. ஐந்து வயதிலேயே ஒரு தட்டில் நாணயங்களைக் கொட்டி வகை பிரிக்கச் சொல்லுங்கள். ஐந்து 20 சென் சேர்ந்தால் ஒரு வெள்ளி, இரண்டு 50 சென் சேர்ந்தாலும் ஒரு வெள்ளி என்பதை விரலால் தொட்டு உணரட்டும். பள்ளியில் முதலாம் ஆண்டுக் கணிதத்திலேயே பணம் ஒரு பாடமாக இருக்கிறது. வீட்டில் தொட்டுப் பழகிய பிள்ளை அந்தப் பாடத்தில் தடுமாறாது.

திறந்து பார்க்கக்கூடிய சேமிப்பு

செலவுக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று, தானத்துக்கு ஒன்று என மூன்று டின்கள் வைக்கச் சொல்லும் முறை பரவலாக இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு மூன்று அதிகம் என்று நினைக்கிறேன். இரண்டு போதும்: இந்த வாரச் செலவுக்கு ஒன்று, பெயர் சொல்லிச் சேர்க்கும் பொருளுக்கு ஒன்று. கோயில் உண்டியலில் போடவோ, வகுப்புத் தோழியின் பிறந்தநாளுக்குக் கொடுக்கவோ பிள்ளைக்குத் தானாகவே மனம் வரும். அப்போது செலவுக் காசிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும். கொடுக்கச் சொல்லி வற்புறுத்தினால் அது தானமாக இருக்காது.

உடைத்தால்தான் காசு வரும் மண் உண்டியலைவிட, உள்ளே இருப்பது தெரியும் கண்ணாடிப் போத்தலோ மூடி திறக்கும் பிளாஸ்டிக் டப்பாவோ சின்னப் பிள்ளைக்கு ஏற்றது. காசு ஏறுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். வேண்டுமென்றால் கொட்டி எண்ணிப் பார்க்க வேண்டும். டப்பாவின் மேல் பிள்ளை வாங்க நினைக்கும் பொருளின் படத்தை வரைந்து ஒட்டச் சொல்லுங்கள். அந்தப் பொருள் நான்கிலிருந்து ஆறு வாரங்களுக்குள் கைக்கு வரக்கூடியதாக இருக்கட்டும். வாரம் 1 வெள்ளி சேர்க்கும் பிள்ளை 5 வெள்ளி வண்ணப் பென்சில் பெட்டியை ஐந்தாம் வாரத்தில் வாங்கிவிடும். 60 வெள்ளிப் பொம்மையை நினைத்துச் சேர்க்கத் தொடங்கினால் மூன்றாம் வாரத்திலேயே மனம் சோர்ந்துவிடும். பெரிய பொருள்தான் வேண்டும் என்று பிள்ளை உறுதியாக இருந்தால், "நீ சேர்க்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் நான் ஒரு வெள்ளி சேர்க்கிறேன்" என்று ஒப்பந்தம் செய்துகொண்டு அதைத் தவறாமல் நிறைவேற்றுங்கள்.

இங்கே பெற்றோருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. மாதக் கடைசியில் எரிவாயுத் தோம்பு தீர்ந்துவிடும். சம்பளத்துக்கு இன்னும் நான்கு நாட்கள் இருக்கும். அலமாரியில் பிள்ளையின் டப்பா இருக்கும். அதிலிருந்து 10 வெள்ளியை எடுத்துவிட்டுப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது எளிது. பல வீடுகளில் அந்தப் "பிறகு" வருவதே இல்லை. பிள்ளை கொட்டி எண்ணும்போது குறைவதைப் பார்த்தால், சேர்த்து வைத்த காசு காணாமல் போகும், அதனால் கிடைத்த அன்றே செலவழித்துவிட வேண்டும் என்ற முடிவுக்கு வரும். அந்த முடிவை மாற்ற எந்த அறிவுரையாலும் முடியாது. எடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால் பிள்ளையிடம் கேளுங்கள். எவ்வளவு, எந்த நாளில் திருப்பித் தருவீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். சொன்ன நாளில் பிள்ளையின் கையிலேயே கொடுங்கள். கேட்டு வாங்கித் திருப்பிக் கொடுத்த 10 வெள்ளி, பெரியவர்கள் கடனை எப்படி நடத்த வேண்டும் என்பதைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்கும்.

மூணு அஞ்சு புத்தகம்

எழுதி வைப்பதற்குப் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. தவுக்கே (சீன முதலாளி) கடையில் மாதம் முழுவதும் அரிசியும் பருப்பும் கடனாக வாங்கி, சம்பள நாளில் தீர்த்த நம் தாத்தா பாட்டி காலத்து 555 புத்தகம் இன்றும் சில்லறை விலையில் கிடைக்கிறது. சட்டைப்பைக்குள் அடங்கும் அந்தச் சிறிய புத்தகத்தில் அன்று கடைக்காரர் எழுதினார், நாம் கடனாளியாக இருந்தோம். இன்று பிள்ளையே எழுதட்டும். நாள், வாங்கியது, கொடுத்தது, கையிருப்பு என்று நான்கு விவரம் இருந்தால் போதும். முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கு எழுதுவது சிரமம் என்றால் ஐஸ் குச்சியின் படம் வரைந்து பக்கத்தில் 50 என்று எழுதட்டும். தமிழில் எழுதச் சொன்னால் "அழிப்பான்", "மிட்டாய்" போன்ற சொற்களும் கூடவே கைக்குப் பழகும்.

வாரத்துக்கு ஒரு நாள், ஐந்து நிமிடம், புத்தகத்தையும் டப்பாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணக்கில் 30 சென் இடித்தால், "யாருக்குக் கொடுத்தாய்?" என்று விசாரணை செய்யாதீர்கள். "ஒன்று எழுத மறந்திருக்கும், என்னவாக இருக்கும்?" என்று சேர்ந்து யோசியுங்கள். புத்தகத்தைப் பார்த்து ஒரு முறை திட்டிவிட்டால் போதும், அடுத்த வாரத்திலிருந்து பிள்ளை பொய்க் கணக்கு எழுதக் கற்றுக்கொள்ளும். வாரம் முழுவதும் மிட்டாய்க்கே செலவாகியிருந்தாலும் அதைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். நான்கு வாரப் பக்கங்களைத் திருப்பி, மிட்டாய்க்குப் போனதை மட்டும் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கூட்டல் முடிந்ததும் வரும் எண்ணைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருப்பதுதான் நமக்கு வேண்டியது.

கடைக்கு அனுப்புவதும் இதன் ஒரு பகுதி. எட்டு வயதுப் பிள்ளையிடம் 10 வெள்ளியைக் கொடுத்து ஒரு ரொட்டியும் ஐந்து முட்டையும் வாங்கி வரச் சொல்லுங்கள். பாக்கி எவ்வளவு வர வேண்டும் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே சொல்லிப் பார்க்கட்டும். நம் நாட்டில் 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கமாகச் செலுத்தும் மொத்தத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சரிசெய்கிறார்கள்: 4 வெள்ளி 92 சென் என்றால் 4 வெள்ளி 90 சென் கொடுத்தால் போதும், 4 வெள்ளி 98 சென் என்றால் 5 வெள்ளி கொடுக்க வேண்டும். இதைப் பிள்ளைக்கு விளக்கிவிட்டால், 4 வெள்ளி 99 சென் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும் விலை உண்மையில் 5 வெள்ளிதான் என்பது தானாகவே விளங்கிவிடும்.

காசு தீர்ந்த பிறகு

பணத்தைக் கையாளும் பழக்கம் வருவதும் வராததும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. ஞாயிற்றுக்கிழமை கொடுத்த காசு திங்கட்கிழமையே தீர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமை ரொட்டிக்காரர் வருவார். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும், கேட்கும், அழும். அன்று நீங்கள் 1 வெள்ளியை எடுத்துக் கொடுத்துவிட்டால், அதுவரை செய்த அத்தனையும் வீணாகிவிடும். காசு தீர்ந்தாலும் அழுதால் வரும் என்பதே பிள்ளை கற்ற பாடமாக இருக்கும். கொடுக்காமல் இருப்பது மட்டும் போதாது, "அன்றைக்கே சொன்னேனே" என்று குத்திக் காட்டாமலும் இருக்க வேண்டும். "காசு முடிந்துவிட்டதா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும்" என்று இயல்பான குரலில் சொல்லிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். ஏழு வயதில் ஐந்து நாள் மிட்டாய் இல்லாமல் இருப்பதால் எந்தக் கெடுதலும் வராது. இதே பாடத்தை இருபத்தைந்து வயதில் மோட்டார் சைக்கிள் தவணையில் கற்றுக்கொள்ள நேர்ந்தால் அதன் விலை வேறு.

நீங்கள் உறுதியாக இருந்தாலும் வீட்டில் தாத்தா பாட்டி இருப்பார்கள். பேரப்பிள்ளை அழுவதைப் பார்த்துச் சும்மா இருக்க அவர்களால் முடியாது. இடுப்புச் செருகலிலிருந்து ஒரு வெள்ளி மெல்ல இறங்கிவிடும். அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை, நியாயமும் இல்லை. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவி, நம்மைப் படிக்க வைத்தவர்கள் அவர்கள்; தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாததைப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். அவர்களைத் தடுப்பதைவிட, கொடுக்கும் பொறுப்பையே அவர்களிடம் ஒப்படைத்துவிடுங்கள். "அப்பா, நீங்க குடுக்கிறதை வேணாம்னு சொல்லல. ஞாயித்துக்கிழமை காலையில அந்த ரெண்டு வெள்ளியை நீங்களே உங்க கையால குடுங்க. நடுவுல கேட்டா மட்டும், ஞாயித்துக்கிழமை வாங்கிக்கோ கண்ணுன்னு சொல்லிடுங்க" என்று கேட்டுப் பாருங்கள். கொடுக்கும் மகிழ்ச்சியும் அவர்களுக்குக் கிடைக்கும், ஒழுங்கும் கெடாது. பிள்ளையும் பாட்டன் கையால் வாங்கிய காசைச் சற்றுக் கூடுதல் மதிப்போடு வைத்துக்கொள்ளும்.

தட்டுக் கழுவியதற்கும் வீடு பெருக்கியதற்கும் காசு கொடுக்க வேண்டாம். அவை வீட்டில் இருப்பவர் எல்லாரும் செய்ய வேண்டிய வேலைகள். தேர்வுப் புள்ளிகளுக்கும் அப்படியே. ஆனால் பழைய பத்திரிகைகளையும் அலுமினிய டின்களையும் பிள்ளை தானே சேர்த்துக் கட்டி, பழைய சாமான் வாங்குபவரிடம் போட்டால், கிடைப்பது முழுவதும் அதன் காசு.

கடன், தொலைபேசி, அப்பாவின் ஒரு மணி நேரம்

நம் பட்டணங்களின் மின்கம்பங்களிலும் பேருந்து நிறுத்தங்களிலும் உடனடிக் கடன் தருவதாகத் தொலைபேசி எண்ணோடு ஒட்டியிருக்கும் ஆலோங் (உரிமம் இல்லாத வட்டிக்காரர்) விளம்பரங்களைப் பிள்ளைகள் தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒரு நாள் "இது என்னம்மா?" என்று கேட்கும். அந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க வேண்டாம். ஒருவர் 100 வெள்ளி கடன் வாங்கி வாரத்துக்கு 10 வெள்ளி வட்டி மட்டும் கட்டினால், பத்து வாரத்தில் 100 வெள்ளி கட்டிய பிறகும் முதல் 100 வெள்ளி அப்படியே நிற்கும் என்பதை நாணயங்களை வைத்தே காட்டலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு புரியும்.

பள்ளியில் நண்பர்களுக்குள் 50 சென், 1 வெள்ளி என்று கைமாற்று நடக்கும். இதற்கு எங்கள் வீட்டில் எளிய விதி ஒன்று உண்டு: திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு மட்டும் கொடுக்கலாம், கடன் வாங்குவதென்றால் முதலில் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்ல வேண்டும். அடுத்த வாரக் காசை இந்த வாரமே முன்பணமாகக் கேட்கும் பழக்கத்தை ஒன்பது வயதுக்கு முன் தொடங்கி வைக்காதீர்கள்.

கைத்தொலைபேசியால் வந்த சிக்கல் புதிது. ரொட்டி சானாய்க் கடையிலும், பசார் மாலாமில் கச்சாங் பூத்தே விற்பவரிடமும்கூட இப்போது கியூஆர் அட்டை தொங்குகிறது. அம்மா தொலைபேசியைக் காட்டுகிறார், ஓர் ஒலி கேட்கிறது, பொருள் கைக்கு வந்துவிடுகிறது. இதைப் பார்த்து வளரும் பிள்ளைக்குப் பணம் தீரும் என்பதே தெரியாது. பிள்ளை கூட இருக்கும்போது முடிந்தவரை ரொக்கமாகக் கொடுங்கள். தொலைபேசியில்தான் கட்ட வேண்டும் என்றால், கட்டுவதற்கு முன்னும் பின்னும் மின்பணப்பையில் உள்ள இருப்பைக் காட்டி, எவ்வளவு குறைந்தது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். விளையாட்டுச் செயலிகளில் வைரம் வாங்குவது, உடை வாங்குவது போன்றவற்றை எந்தப் பிள்ளையும் தானாகச் செய்ய முடியாதபடி, ஒவ்வொரு வாங்குதலுக்கும் கடவுச்சொல் கேட்குமாறு தொலைபேசியில் அமைத்து வையுங்கள். கைச்செலவுக் காசில் அதை வாங்கத்தான் வேண்டும் என்று பிள்ளை விரும்பினால், டப்பாவிலிருந்து ரொக்கத்தை உங்கள் கையில் எண்ணிக் கொடுத்த பிறகே வாங்கிக் கொடுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை எட்டு ஒன்பது வயதில் ஒரு முறை உட்கார்ந்து சொல்லலாம். 50 வெள்ளித் தாளின் பின்புறத்தில் செம்பனை மரங்கள் இருப்பதைக் காட்டுங்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தப் படம் உடனே பிடித்துவிடும். 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்பவருக்கு அது ஒரு நாளைக்கு 65 வெள்ளி 38 சென், ஒரு மணி நேரத்துக்கு 8 வெள்ளி 72 சென். 24 வெள்ளி 90 சென் விலையுள்ள பொம்மைக் கார் ஒன்று வாங்க, நீண்ட கழியில் கட்டிய அரிவாளோடு அப்பா ஏறக்குறைய மூன்று மணி நேரம் குலை வெட்ட வேண்டும் என்று கணக்கைக் காட்டலாம். ஆனால் இதைக் கோபத்தில் சொல்லாதீர்கள். பிள்ளை எதையோ கேட்டு அழும் நேரத்தில் எடுத்து வீசாதீர்கள். நிதானமான நேரத்தில் ஒரு முறை சொன்னால் பிள்ளை நினைவில் வைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பச் சொன்னால் தான் பிறந்ததே அப்பாவுக்குச் சுமை என்று எண்ணத் தொடங்கிவிடும்.

பெருநாள் காசும் வங்கிக் கணக்கும்

தீபாவளியன்று மாமா, சித்தப்பா, அக்கம்பக்கத்தார் கொடுக்கும் அங்பாவ் உறைகளும், நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் பக்கத்து வீட்டாரிடமிருந்து வரும் உறைகளும் சேர்ந்தால், பிள்ளையின் பல மாதக் கைச்செலவுக் காசு ஓரிரு நாளில் வந்து குவிந்துவிடும். "அம்மாகிட்ட குடு, நான் வச்சிருக்கேன்" என்று வாங்கிக்கொண்டு, பிறகு அதைப் பற்றிப் பேச்சே எடுக்காத பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்: பத்தில் ஒரு பங்கை உடனே விருப்பம்போல் செலவழிக்கலாம், மூன்று பங்கு டப்பாவில் இருக்கும் பொருளுக்கு, மீதி வங்கிக்கு. பங்கீடு எப்படியும் இருக்கலாம், உறைகள் வருவதற்கு முன்பே ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும். உறைகளைப் பிரித்து எண்ணி 555 புத்தகத்தில் எழுதும் வேலையும் பிள்ளையுடையதே.

வங்கிக்குப் பிள்ளையையும் அழைத்துப் போங்கள். அஞ்சலகச் சேமிப்பு வங்கியின் பணிகளை ஏற்று 1974-இல் தொடங்கப்பட்ட பேங்க் சிம்பானான் நேஷனலுக்குச் சிறு பட்டணங்களிலும் கிளைகள் இருக்கின்றன. பிள்ளையின் பிறப்புப் பத்திரம் அல்லது மைகிட் என்னும் சிறுவர் அடையாள அட்டையையும் உங்கள் அடையாள அட்டையையும் கொண்டு போனால், உங்கள் பொறுப்பில் பிள்ளையின் பெயரில் சேமிப்புக் கணக்கு திறக்கலாம். வேறு வங்கியில் கணக்குத் திறக்கும்போது, வங்கி மூடப்பட்டால் காசு என்னவாகும் என்று தாத்தா பாட்டி கவலைப்பட்டால், மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் தன் உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை பாதுகாப்பு அளிக்கிறது என்று சொல்லுங்கள்; பேங்க் சிம்பானான் நேஷனல் அந்தக் கழகத்தின் உறுப்பு வங்கி அன்று. பிள்ளைக்கு அந்த விவரம் தேவையில்லை. தன் பெயர் அச்சாகியிருப்பதைப் பார்ப்பதே அதற்குப் போதும்.

சிறு தொகைகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்கும் பிள்ளைக்கு, இந்த ஊர் மண்ணிலேயே ஒரு விடை இருக்கிறது. பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக விற்ற தோட்டத் துண்டாடலால் தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் இழந்துகொண்டிருந்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணத்தைக் கொண்டே அந்தச் சங்கம் தோட்டங்களை விலைக்கு வாங்கியது. இதைக் கதையாகச் சொல்லி நிறுத்திவிடாமல், வீட்டில் செய்து பார்க்கவும் முடியும். அண்ணனும் தங்கையும் தனித்தனியே வாங்க முடியாத ஒரு பழைய சைக்கிளுக்கு, இருவரும் ஒரே டப்பாவில் சேர்க்கட்டும்; யார் எவ்வளவு போட்டார், வாங்கிய பிறகு யார் எந்த நாளில் ஓட்டுவது என்பதை அவர்களே எழுதிக் கையொப்பம் இடட்டும். சண்டை வரும். அந்தச் சண்டையைத் தீர்ப்பதும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், உங்கள் தீர்ப்பால் அன்று.

பள்ளிக்கூடம் தொடங்கும் காலம் இன்னொரு வாய்ப்பு. 2023 முதல், குடும்ப வருமானம் பார்க்காமல் மாணவர் அனைவருக்கும் 150 வெள்ளி பள்ளித் தொடக்ககால உதவித்தொகை கொடுக்கப்பட்டு வருகிறது. அந்தத் தொகைக்கான பட்டியலைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதுங்கள்: கறுப்புக் காலணி, புத்தகப் பை, சீருடை. இரண்டு கடைகளில் விலை கேட்டு, எதை இந்த ஆண்டு வாங்குவது, எதைத் துவைத்துத் தைத்து இன்னோர் ஆண்டு ஓட்டுவது என்பதைப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல விடுங்கள். கார்ட்டூன் படம் போட்ட பைக்காக 20 வெள்ளி கூடுதலாகக் கேட்டால், அந்த 20 வெள்ளி எந்தப் பொருளிலிருந்து குறையும் என்று மட்டும் கேளுங்கள்.

நான்காம் ஆண்டுக்கு வந்ததும் வாரக் காசை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாக மாற்றலாம்; தொகையோடு பொறுப்பையும் கூட்ட வேண்டும். அழிப்பான், பேனா, தலைப்பின்னல் நாடா, நண்பர்களின் பிறந்தநாள் பரிசு போன்ற சிறு செலவுகளுக்கு இனி உங்களிடம் தனியாகக் கேட்கக் கூடாது என்று சொல்லி, அவற்றுக்கு வழக்கமாக ஆகும் தொகையைக் கணக்கிட்டுச் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, 12 வயதாகி மைகார்ட் என்னும் அடையாள அட்டை எடுக்கும் ஆண்டில் மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கத் தொடங்கலாம். இடையில் தடுமாறினால் மீண்டும் வாரத்துக்கு ஒரு முறை என்று மாற்றிவிட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி முயன்று பாருங்கள்.